கோப்பில் குத்தியிருந்த பொட்டலம்

ராஜபாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜோதிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் அந்தக் கேள்விக்கு நீ தினமும் காலையில் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பிவிடுகிறாய். அப்பா அதைப் பார்த்த பிறகுதான் பல் தேய்க்கப் போகிறார். அதனால் நான் வேறு விதமாகக் கேட்கிறேன். இரவு ட்யூட்டி முடிந்து வந்தால் தூங்குகிறாயா, சாதம் வடித்துச் சாப்பிடுகிறாயா அல்லது ரொட்டியோடு முடித்துக்கொள்கிறாயா, சைரன் ஊதும்போது ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போகிறாயா அல்லது படுக்கையில் கிடப்பவர்களோடு மேலேயே நின்றுவிடுகிறாயா. கடைசிக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவர்களுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். உங்கள் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தேவதானத்து லிங்கேஸ்வரன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருந்தானல்லவா, விமானம் ஒன்றிரண்டு திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டதால் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறானாம். ஏதாவது கொடுத்து விட வேண்டுமா அத்தை என்று கேட்டான். மிளகாய் வற்றலும் பருப்புப் பொடியும் கட்டி வைத்திருக்கிறேன். அதோடு இதையும் கொடுக்கிறேன். போனில் பேசினால் என் வாயில் அந்த இரண்டு சொல்தான் திரும்பத் திரும்ப வரும் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

பதினெட்டு நாளைக்கு முன்னால் நீ கேட்டாய். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஓராண்டு இருப்பவர்கள் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், ஊருக்குப் போகிறவர்கள் போகலாம், அவர்களே அனுப்பி வைப்பார்கள், நீ என்னம்மா சொல்கிறாய் என்று. நான் உன் இஷ்டம் பாப்பா என்றேன். நீயும் இப்படிச் சொன்னா நான் யார்கிட்டம்மா கேக்குறது என்றாய். அதற்கும் நான் ஏதோ சொன்னேன், சிக்னல் சரியில்லை என்றோ என்னவோ. உனக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயம். அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எம்.எஸ்ஸி. முடித்தபோது எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. உன் தாத்தா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. நீ பிறந்த பிறகு நான் எனக்குள் முடிவு செய்துகொண்டதெல்லாம் ஒன்றுதான், என் பிள்ளையிடம் அந்த வார்த்தையை நான் சொல்லப்போவதில்லை. நீ நர்சிங் படிக்கிறேன் என்றபோதும், வெளிநாடு போகிறேன் என்றபோதும், இரண்டு வருஷம் முன்னால் அந்தச் சேலத்துப் பையன் வீட்டாரை வேண்டாம் என்றபோதும் உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். அப்போதெல்லாம் அதை யோசித்துச் சொன்னேன். இந்தத் தடவை யோசிக்காமல் சொன்னேன், வாயில் இருந்தது வந்துவிட்டது. கொஞ்ச நாளாக எனக்கு எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. பசிக்கிறது, சாப்பிடுகிறேன். படுத்தால் தூக்கமும் வருகிறது. அழுகை மட்டும் வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, அப்படி.

அப்பா மில்லில் இருந்து வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். நாலு சேனலிலும் ஒரே வரைபடம், ஒரே சிவப்பு அம்புக்குறி. பேசுகிறவர்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் இத்தனை போனது, அந்தப் பக்கம் இத்தனை போனது என்று கிரிக்கெட் மாதிரி சொல்கிறார்கள். நீ இருக்கும் ஊரின் பேர் வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். போன மாதம் பழைய சுவர்க்கடிகாரம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து உன் ஊர் நேரத்துக்கு வைத்து, நம் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். அது ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம் பின்தங்குகிறது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரி செய்கிறார். இந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், போனிலேயே அந்த ஊர் நேரம் தெரியுமே என்றால், அது யாரு நேரமோ, இது எம்மக நேரம்டி என்கிறார். எதிர்வீட்டு ராஜு வீட்டம்மா வாசல் தெளிக்கும்போது என்னைப் பார்த்தால் பாப்பா பாகுந்தா என்று கேட்காமல் விடுவதில்லை. பாகுந்தி, நன்றாக இருக்கிறாள், என்று சொல்லிவிட்டு வருவேன். எனக்கு இருக்கும் தெலுங்குக்கு அதற்கு மேல் சொல்லவும் முடியாது, அது ஒரு வசதி.

உலகத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நீ முன்பெல்லாம் கேட்பாய். இப்போது நினைப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு உலகம் தெரிவது டிவியில் இல்லை, டிஸ்பாட்ச் பட்டியலில். சத்திரப்பட்டித் தறிகளில் இருந்து வரும், காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணியை வெளுத்து மடித்துப் பெட்டியில் அடைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்புவதுதான் எங்கள் கம்பெனி வேலை என்பது உனக்குத் தெரியும். எங்கே சண்டை வரப்போகிறது என்று பேப்பரில் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஆர்டர் வந்துவிடுகிறது. இப்போது மூன்று ஷிப்டும் ஓடுகிறது. பேக்கிங்கில் இருக்கும் பெண்களுக்கு ஓவர்டைம். கேன்டீனில் வாரம் ஒரு நாள் முட்டை போட்டார்கள், இப்போது மூன்று நாள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அங்கே ஒரு கட்டடம் விழுந்தால் இங்கே ஒரு வீட்டில் கேஸ் அடுப்பு வருகிறது, அவ்வளவுதான். சமாதானம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, போர் நியாயம் என்று யாராவது பேசினாலும் வருவதில்லை. தரம் பார்க்கிறவளாக நான் செய்வது என்னவென்றால், வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். பத்து நொடிக்குள் அது நனைந்து மூழ்க வேண்டும். மூழ்கினால்தான் ரத்தத்தை உறிஞ்சும். ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு அது மூழ்குவதைப் பார்ப்பேன். ஐந்து நொடி, ஆறு நொடி. பாஸ் என்று எழுதுவேன். செத்தவர்கள் எத்தனை பேர் என்று டிவியில் வரும் எண்ணும் எனக்கு அதே மாதிரிதான் காதில் விழுகிறது, எழுதி வைக்க வேண்டிய ஒரு எண்.

போன மாதம் உன் ஊர் பேர் போட்டே ஒரு ஆர்டர் வந்தது. நூற்றெண்பது பெட்டி. உனக்கு நான் சொல்லவில்லை. கன்டெய்னர் ஏற்றுவதற்கு முதல் நாள் வழக்கம்போல ஐந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்திலும், பாலித்தீன் பைக்கும் அட்டைக்கும் நடுவில், காலண்டர் தாளை நாலாக மடித்து ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் திருநீறு. நூற்றெண்பதையும் பிரிக்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் இருந்தது. முடிந்துபோன வருஷத்துத் தினத்தாள் காலண்டரைக் கிழித்து, ஒரு பெட்டிக்கு ஒரு நாள் என்று மடித்திருந்தார்கள், ஏறக்குறைய அரை வருஷம். பேக்கிங் மேஜையில் ஒன்பது வருஷமாக இருக்கும் சுடலைமாடத்தி என்கிற அம்மாதான் செய்தது என்று தெரிய நேரம் ஆகவில்லை, அவரே முன்னால் வந்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கில் இப்படிச் செய்யலாமா என்று எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன். தெரியாமப் போட்டுட்டேன் மேடம் என்று மட்டும் சொன்னார். எவனாவது அந்த ஊரில் பெட்டியைப் பிரித்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தால் கம்பெனிக்கு அடுத்த ஆர்டர் கிடையாது. வெளிப்பொருள் கலப்பு என்று மெமோ எழுதினேன். மாதிரிக்கு ஒரு பொட்டலத்தைக் குண்டூசியால் அதிலேயே குத்தி வைத்தேன். மற்றவற்றைக் குப்பையில் போட்டோம். கப்பல் தவறிப் போய் நாலு நாள் தாமதம். முதலாளி அந்தம்மாவை நாளையில் இருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன்.

இதற்கு நடுவில்தான் எங்கள் பயணம். பரிபூரணமும் விஜியும் நானும் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது உனக்குத் தெரியும். யூனிவர்சிட்டி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எங்கேயும் போனதில்லை, ஜோதி இருக்கிறாளே அங்கே போவோம் என்று விஜிதான் ஆரம்பித்தாள். பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை எல்லாம் முடிந்து, கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது விமானம் ரத்து என்று செய்தி வந்தது. நான் நல்லதாகப் போயிற்று என்று பையில் வைத்ததை எடுத்து அடுக்கினேன். பரிபூரணம் விருதுநகரில் இருந்து போன் செய்து, ஏட்டி, லீவை நான் கேன்சல் பண்ண மாட்டேன், எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாள் ரசம் வைக்கப் பழக்கியாச்சு, பையைத் தூக்கிட்டு வா, எங்கேயாவது போவோம் என்றாள். மூன்று பேரும் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சக்கரம் வைத்த பெட்டிகளோடு நின்றோம். எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை. மதுரை பஸ் ஒன்று வந்தது, ஏறிவிட்டோம். அரை மணி நேரம் ஆவதற்குள் விஜிக்குத் தலைவலி, காபி வேணும் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினோம். இறங்கினது இறங்கினதுதான், அங்கேயே ஒரு லாட்ஜில் அறை போட்டுவிட்டோம். மேனேஜர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். ராஜபாளையத்தில் இருந்து வந்து இங்கே தங்குகிறவர்கள் யாரும் இல்லை போல. கோர்ட்டு வேலையா என்று கேட்டார். ஆமா அண்ணாச்சி என்றாள் விஜி. என்ன கேஸ் என்றார். உலகப் போர் என்றாள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

உனக்குச் சிரிப்பாக இருக்கும், எங்களுக்கும் சிரிப்புத்தான். பரிபூரணம் உன் ஊர் பாலைவனத்தில் நடக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஷூ வாங்கியிருந்தாள். சேலையோடு அதைப் போட்டுக்கொண்டு தேர் வீதியில் நடந்தாள். ஷூ போட்டுக்கிட்டு பால்கோவா வாங்கப் போற மொத ஆளு நீதான்ட்டி என்று விஜி வழியெல்லாம் அவளைக் கேலி செய்தாள். அவள் விஜியின் அகலத் தொப்பியைக் காட்டி, நீ மட்டும் என்ன, நாத்து நடப் போறவ மாதிரில்ல இருக்க என்றாள். அவர்கள் கோயிலுக்குள் போனபோது நான் வெளியே செருப்புகளோடும் அந்த ஷூவோடும் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆட்டோ பிடித்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனோம், யானை இறங்கியிருக்கிறது என்று செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்க போனாலும் கேட்டை மூடிருதான்யா என்றாள் விஜி. லாட்ஜ் மொட்டைமாடியில் உட்கார்ந்து மலை கறுப்பதைப் பார்த்தோம். பேச்சு தானாகவே சண்டைப் பக்கம் போயிற்று. ஜெபம் பண்ணுவதைத் தவிர நம்மால் வேறென்ன முடியும் என்றாள் பரிபூரணம். ஜெபம் ரெண்டு பக்கமும்தானட்டி பண்ணுதாக, எல்லாம் வியாபாரம் என்றாள் விஜி, பிறகு என் பக்கம் திரும்பி, இவகிட்ட கேளு, இவ கம்பெனிக்குத்தான் அதுல லாபம் என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் ஆமாம் என்றேன். அப்புறம் பரிபூரணம், ஜோதிக்கு நீ என்ன சொன்ன என்று கேட்டாள். அவள் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். பரிபூரணம் குனிந்து ஷூவின் கயிற்றை இறுக்கினாள். எதற்கும் வாயை மூடாத விஜியும் படுக்கலாம் என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் பால்கோவா வாங்கப் போனோம். கடைவீதியில் ஒரு சின்னக் கடை, பின்னால் விறகடுப்பில் பால் காய்கிறது, முன்பக்கம் ஒரு மேஜையில் நாலைந்து பெண்கள் காகிதத்தில் வைத்துப் பொட்டலம் போடுகிறார்கள். விஜி ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைச் சும்மா பார்த்தேன். தாளின் ஒரு முனையை உள்ளே மடித்து, அடுத்த முனையை அதற்குள் செருகி, நூலோ பசையோ இல்லாமல் நிற்கிற மடிப்பு. அந்த மடிப்பை நான் நூற்றெண்பது தடவை பிரிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் சுடலைமாடத்தி அம்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கோபமாக ஏதாவது கேட்பார் என்று நின்றேன். வாங்க மேடம் என்றார், அடுத்ததாக, பாப்பா அங்கருந்து வந்துருச்சா என்று கேட்டார்.

கம்பெனியில் நான் யாரிடமும் வீட்டு விஷயம் பேசுவதில்லை, நீ எங்கே இருக்கிறாய் என்பது அங்கே யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். என் மகள் அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பேரு பெட்டியில அடிச்சு வந்தப்ப நீங்க அதுமேல கைய வச்சுக்கிட்டு செத்த நேரம் நின்னீக, இந்த மேடம் எந்தப் பெட்டிக்கும் இப்படி நிக்க மாட்டாகளேன்னு ஸ்டோர்ஸ் ஐயாதுரை அண்ணாச்சிகிட்ட கேட்டேன், லீவு லெட்டர்ல எழுதிருக்காக, அவுக மக அங்கதான் நர்ஸா இருக்குன்னாரு. நம்ம துணி எங்க போவும், ஆஸ்பத்திரிக்குத்தான போவும். ஆஸ்பத்திரியில யாரு பிரிப்பா, நர்ஸுப் பிள்ளைகதான பிரிக்கும். எந்தப் பெட்டி பாப்பா கைக்குப் போவும்னு தெரியாதுல்ல, அதான் எல்லாத்துலயும் போட்டேன். எங்க ஊரு சுடலை கோயில் திருநீறு மேடம், அம்புட்டு தூரத்துல பிள்ளைக்கு யாரு பூசி விடுவா.

அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். எல்லாரும் நின்னாகள்ல, சொன்னா உங்களுக்குச் சங்கடமாப் போவும்னு இருந்துட்டேன் என்றார். பிறகு என் கையில் இருந்த பொட்டலத்தை வாங்கி, இது நேத்துப் போட்டது, இன்னைக்குப் போட்டத எடுத்துக்கோங்க என்று வேறொன்று கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இருபது லட்சம் பேர் இருக்கும் ஊர், எத்தனையோ ஆஸ்பத்திரி, அந்தப் பெட்டிகளில் ஒன்றுகூட உன் வார்டுக்கு வந்திருக்காது. நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது விஜியும் பரிபூரணமும் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தோன்றியது. யாரோ ஒரு அம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர், எட்டாவது வரை படித்தவர், ஒரு பெட்டியின் மேல் நான் கை வைத்து நின்றதைப் பார்த்து எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, வேலை போகிற அளவுக்கு ஒரு காரியம் செய்திருக்கிறார். நீ நேராகவே என்னிடம் கேட்டாய். உனக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முதலாளியிடம் போய் அந்த மெமோவை நான் எழுதிய விதம் சரியில்லை, சரக்கைத் திருப்பியது சரி, ஆளை அனுப்பியது சரியில்லை என்று சொன்னேன். நீங்கதானம்மா எழுதினீங்க என்றார். ஆமாம், நான்தான் எழுதினேன் என்றேன். திரும்ப வரச் சொல்ல ஒப்புக்கொண்டார். சுடலைமாடத்தி அம்மாவுக்குப் போன் செய்தேன். யோசிச்சுச் சொல்லுதேன் மேடம், இங்கயும் பிள்ளைக என்னைய நல்லா வச்சுக்கிடுதாக என்றார். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அது அவர் இஷ்டம். கோப்பைத் திறந்து அந்தக் குண்டூசியைக் கழற்றினேன். மெமோவில் இப்போது இரண்டு துளைகள் மட்டும் இருக்கின்றன, ஆடிட்டில் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பொட்டலத்தை இந்தக் கடிதத்தின் கடைசித் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். அந்தக் காலண்டர் தாளில் போன வருஷத்து ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு இதில் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இது உனக்கென்று ஒருவர் மடித்தது, வந்து சேர வேண்டிய இடத்துக்கு வரட்டும் என்றுதான் அனுப்புகிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் இஷ்டம் என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உன் வார்டில் படுத்திருப்பவர்களை எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ அங்கே இருப்பதற்கு என்ன காரணம் சொன்னாலும் அது சரியான காரணமாகத்தான் இருக்கும், அதைக் கேட்டு நான் உன்னோடு பேசாமல் இருக்கப்போவதில்லை. ஆனால் நீ கேட்டது உன் இஷ்டம் என்ன என்று இல்லை. என் இஷ்டம் என்ன என்று கேட்டாய். என் இஷ்டம் நீ வர வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் வர வேண்டும். வந்து ஒரு வருஷம் சும்மா வீட்டில் இருந்தாலும் சரி. உன் தாத்தா மாதிரி இதை ஒரு வார்த்தையில் சொல்லாமல் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், காரணமும் சொல்லிவிட்டேன். இதை வைத்துக்கொண்டு நீ முடிவு செய். எழுதி முடிக்கும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் கொஞ்சம் வலிக்கிறது, இவ்வளவு எழுதிப் பல வருஷம் ஆகிறது.

அப்பா தன் ஆசியைச் சொல்லச் சொன்னார், ஸ்டூலில் நின்றுகொண்டே சொன்னார். பரிபூரணம் உனக்காக ஜெபம் செய்கிறாளாம், விஜி அந்தத் தொப்பியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாளாம். எங்கே இருந்தாலும் உடம்பு கெடாமல், மனசு கெடாமல், நீண்ட நாள் நன்றாக இரு மகளே. பருப்புப் பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டிப் போகும். சைரன் ஊதினால் கீழே இறங்கு. இது கையில் கிடைத்ததும் கட்டைவிரல் போடாதே, எழுத்தில் பதில் எழுது, முப்பதாம் தேதிக்கு முன்னால்.

உன் வருகையை விரும்பும்,
அம்மா.